இணையக் குழுவில் பேச்சுக்கு எல்லை வகுப்பது எப்படி

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக எட்டு ஆண்டுகளாக ஓர் இணையக் குழுவை நடத்தி வருகிறேன். என் மகளுக்கு ஆறு வயதில் இந்த நோய் என்று தெரிந்தபோது, நள்ளிரவில் சந்தேகம் கேட்க ஆளில்லாமல் தவித்தேன். அந்தத் தவிப்பில் தொடங்கிய குழு இது. முதலில் இருபது பேர்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் விதி எதுவும் தேவைப்படவில்லை. ஆயிரம் பேரைத் தாண்டியதும் ஒரே மாதத்தில் மூன்று பெரிய சண்டைகள் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வி எழுந்தது: "இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் பல அட்மின்கள் ஒன்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அல்லது கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். அதிலிருந்து நாங்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழு எதைப் பற்றியதாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் குழு எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

விதியிலிருந்து தொடங்காதீர்கள். குழுவின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வரி இது: "டைப் 1 உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் பயமில்லாமல் கேட்கவும், அனுபவத்தைச் சொல்லவும்." இதில் 'பயமில்லாமல்' என்ற சொல்தான் பின்னால் வந்த ஒவ்வொரு முடிவுக்கும் அளவுகோலாக இருந்தது. ஒரு பதிவை நீக்கலாமா என்று வாக்குவாதம் வரும்போது, "இது இருந்தால் கேட்க நினைப்பவர் பயப்படுவாரா, இதை நீக்கினால் சொல்ல நினைப்பவர் பயப்படுவாரா" என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்கிறோம். பெரும்பாலான குழுக்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

கருத்துரிமை பற்றி ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. சட்டம் சொல்லும் பேச்சுரிமை, முதன்மையாக அரசு நம் வாயை அடைக்காமல் இருப்பதற்கானது. ஒரு தனியார் குழுவில் ஒரு பதிவை நீக்குவதால் யாருடைய அரசியலமைப்பு உரிமையும் பறிபோய்விடாது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. வேறு எங்கும் கேட்க வழியில்லாத ஒரு தாய்க்கு எங்கள் குழுதான் ஒரே கதவு என்றால், அந்தக் கதவைச் சாத்தும் அதிகாரம் சின்ன அதிகாரம் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதற்கு நாங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு நல்ல மாதிரி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1966இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, பேச்சுரிமையை உறுதி செய்துவிட்டு, அதை எப்போது கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. கட்டுப்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்களின் உரிமை, நற்பெயர், பொதுச் சுகாதாரம் போன்ற குறிப்பிட்ட காரணம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு அது உண்மையிலேயே தேவையாகவும் இருக்க வேண்டும். அரசுகளுக்காக எழுதப்பட்ட இந்த மூன்றையும் நாங்கள் மூன்று சின்னக் கேள்விகளாக்கி வைத்திருக்கிறோம்: முன்கூட்டியே எழுதி வைத்தோமா? யாரைக் காப்பாற்ற? இதைவிடச் சின்ன நடவடிக்கை போதாதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் பதிவு அப்படியே இருக்கும்.

மங்கலான சொற்களை வெளியேற்றுங்கள்

எங்கள் முதல் விதிப் பட்டியலில் "பிறர் மனம் புண்படும்படி எழுதக் கூடாது", "அநாகரிகமான கருத்துகளுக்கு இடமில்லை", "தேவையற்ற விவாதம் கூடாது" என்றெல்லாம் இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில் இந்த மூன்று வரிகளை வைத்து எந்தப் பதிவையும் நீக்கலாம், எந்தப் பதிவையும் விட்டுவைக்கலாம். யாருடைய மனம்? எது அநாகரிகம்? தேவையா இல்லையா என்று யார் முடிவு செய்வது?

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவு இதே தவறைச் செய்தது. எரிச்சல், அசௌகரியம் உண்டாக்குவது போன்ற சொற்களை வைத்து இணையத்தில் எழுதியவர்களைத் தண்டிக்க அது வழி செய்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. சொற்கள் இவ்வளவு மங்கலாக இருந்தால் எது குற்றம் என்று குடிமகனுக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. அதே தீர்ப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட இன்னொரு பகுதி உண்டு. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, அதைச் செய்யும்படி தூண்டிவிடுவது என்று பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும், எவ்வளவு பிடிக்காத கருத்தாக இருந்தாலும், பேச்சுரிமையின் உயிர்நாடி; தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டும்போதுதான் கட்டுப்பாடு வரலாம்.

ஆகவே உணர்ச்சியைச் சொல்லும் சொல்லை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய செயலைச் சொல்லும் சொல்லைப் போடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு அம்மா தன் மகனுக்குச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வரவில்லை என்று எழுதியிருந்தார். கீழே ஒருவர், "உங்களைப் போன்ற அலட்சியமான அம்மாக்களால்தான் பிள்ளைகள் கண் பார்வையை இழக்கிறார்கள்" என்று கமெண்ட் போட்டார். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. 'அநாகரிகம்' என்ற விதியில் இது சிக்கவே இல்லை. அந்த அம்மாவோ அதன் பிறகு குழுவில் எழுதவே இல்லை. அதற்கு அப்புறம்தான் விதியை மாற்றினோம்: "மற்றொரு உறுப்பினரின் பிள்ளை வளர்ப்பைக் குற்றம் சாட்டக் கூடாது. அவர் சொன்ன முறையில் என்ன தவறு என்று சொல்லலாம்." இப்போது யார் படித்தாலும் எது உள்ளே, எது வெளியே என்று புரிகிறது. "இந்த முறை ஆபத்தானது, காரணம் இது" என்று கடுமையாகவே எழுதலாம். ஆளைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

கருத்து எங்கே முடிகிறது, செயல் எங்கே தொடங்குகிறது

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ஓர் உதாரணம் சொன்னார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் அதைத் தடுக்கக் கூடாது. அதே கருத்தை, ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்துப்போய் நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். சொல் மாறவில்லை, சொன்ன இடமும், அடுத்து நடக்கப்போவதும் மாறுகின்றன.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஒரு மாலையில். ஒரு அப்பா தன் மகளின் நோயை ஒரு மருத்துவர் மூன்று முறை கவனிக்கத் தவறியதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். மூன்று முறை அழைத்துப் போனது, அடிக்கடி தண்ணீர் கேட்கிறாள், எடை குறைகிறாள் என்று சொன்னது, சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லாதது, கடைசியில் மயங்கிய நிலையில் வேறு மருத்துவமனைக்கு ஓடியது என எல்லாம் தேதியோடு இருந்தது. கடைசி வரியில் மட்டும், "காசுக்காகக் கொலை செய்கிறவர்" என்று எழுதியிருந்தார். அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கமெண்டுகள். அவற்றில் ஒன்றில், யாரோ ஒருவர் அந்த மருத்துவரின் சொந்த போன் நம்பரைப் போட்டு, "எல்லோரும் அழைத்துக் கேளுங்கள்" என்று எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் முழுப் பதிவையும் அழித்துவிடத்தான் கை பரபரக்கும். எங்களில் ஒருவர் அதைத்தான் செய்யச் சொன்னார். நாங்கள் செய்தது வேறு. போன் நம்பர் இருந்த கமெண்டை உடனே நீக்கினோம். அதுதான் வாசலில் நிற்கும் கூட்டம். அப்பாவைத் தனியாகத் தொடர்புகொண்டு, "நடந்ததாக நீங்கள் எழுதிய எல்லாமே இருக்கட்டும். கடைசி வரி மட்டும், உங்களால் நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு. அதை மாற்ற முடியுமா?" என்று கேட்டோம். ஒரு மணி நேரம் கழித்து அவரே மாற்றினார். மறுநாள் அந்த மருத்துவரின் தரப்பிலிருந்து ஒருவர் பதிவையே எடுக்கச் சொன்னார். "எந்த வரி பொய் என்று சொல்லுங்கள், பார்க்கிறோம். உங்கள் விளக்கத்தைத் தந்தால் பதிவின் கீழேயே வைக்கிறோம்" என்று பதில் எழுதினோம். அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பதிவு இன்றும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அடிக்கடி தண்ணீர் கேட்ட தங்கள் பிள்ளைக்கு அதே நாளில் சர்க்கரை பரிசோதித்த பெற்றோர் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அவதூறுச் சட்டமும், அட்மினின் சட்டப் பொறுப்பும் நாட்டுக்கு நாடு வேறு. நீங்கள் வாழும் இடத்தில் அது என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொய்த் தகவலுக்கு எல்லை வைப்பது மிகக் கடினம்

எங்களை அதிகம் அலைக்கழித்த விதி இதுதான். மூன்று முறை மாற்றி எழுதினோம்.

டைப் 1 நோயில் உடலால் இன்சுலின் சுரக்க முடியாமல் போகிறது. அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் நீண்ட நாள் பிழைப்பது அரிது. அப்படியிருக்க, ஒருவர் குழுவில் ஒரு பொடியைப் பற்றி எழுதி, "இதைக் கொடுங்கள், இன்சுலினை நிறுத்திவிடலாம்" என்றார். நீக்கினோம். "என் கருத்தைச் சொல்லக்கூட உரிமை இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார்.

பயத்தில் நாங்கள் எழுதிய முதல் விதி: "மருத்துவர் உறுதிசெய்யாத எந்த மருத்துவத் தகவலும் கூடாது." அது குழுவின் கழுத்தை நெரித்துவிட்டது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு அம்மா, "58 காட்டுகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை அளவு 58 என்பது தாழ்வு. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பதில் தெரிந்த பலர் அந்த நேரத்தில் விழித்திருந்தார்கள். விதிக்குப் பயந்து ஒருவரும் எழுதவில்லை. பதினோரு நிமிடம் கழித்து நான் பார்த்துப் பதில் போட்டேன். பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. அளவுக்கு மீறிய விதியும் ஆளைக் கொல்லக்கூடும்.

அடுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். "யாரும் எதையும் சொல்லலாம், முடிவு உங்களுடையது" என்றோம். இரண்டே வாரத்தில் பொடி விற்பவர்கள் நிறைந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக எழுதியது இன்றுவரை நிற்கிறது: "இன்சுலினை நிறுத்தும்படியோ, தவிர்க்கும்படியோ மற்றவரிடம் சொல்லக் கூடாது. மற்றவர் பிள்ளைக்கு இத்தனை யூனிட் என்று எண் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்ததைச் சொல்லலாம். தாழ்வுக்கான முதலுதவியை யாரும் எப்போதும் சொல்லலாம்." 'நான் செய்தேன்' என்பதற்கும் 'நீ செய்' என்பதற்கும் இடையே கோடு கிழித்ததுதான் இதன் உயிர்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஒரு அப்பா மிக நேர்மையாக, "மகனுக்கு இன்சுலின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது, நோய் குணமாகிறது என்று நினைக்கிறேன்" என்று எழுதினார். நோய் தெரிந்த புதிதில் சிலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இன்சுலின் தேவை குறையும். இதை 'தேனிலவுக் காலம்' என்பார்கள். பிறகு தேவை மறுபடியும் ஏறும். அவர் சொன்னது உண்மை, அவர் எடுத்த முடிவுதான் தவறு. இப்படிப்பட்ட பதிவை நீக்கினால் ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக்குகிறோம். அதைவிட முக்கியம், அதே நிலையில் இருக்கும் இன்னும் பத்துப் பேருக்கு விஷயம் தெரியாமலே போய்விடும். பதிவை விட்டுவைத்து, தேனிலவுக் காலம் பற்றிய விளக்கத்தை முதல் கமெண்டாகப் பொருத்தினோம். பேச்சுக்குப் பேச்சாலேயே பதில் சொல்ல நேரம் இருக்கும்போது நீக்கத் தேவையில்லை. "இன்றே நிறுத்து" என்பதற்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. எங்கள் குழுவில் எல்லையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த நேரக் கணக்குதான்.

வெறுப்புப் பேச்சு, விளம்பரம், சட்டவிரோதம்

ஒரு சமூகத்தையோ மதத்தையோ பாலினத்தையோ இழிவாகப் பேசுவது எங்கள் குழுவில் அரிதாகத்தான் வரும். வரும்போது வெறும் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012இல் மொராக்கோவின் ரபாத் நகரில் உருவான செயல்திட்டம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவர் யார், நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு. தன்னைத் திட்டிய சொல்லைக் காட்டிப் புகார் செய்பவரின் பதிவை, அந்தச் சொல் இருக்கிறது என்பதற்காகவே நீக்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆறையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

விளம்பரத்தை நீக்குங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் வந்தால் விவாதமே கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சக அட்மினுக்குக்கூட அனுப்பாதீர்கள். தளத்திடமும் காவல்துறையிடமும் உடனே புகார் செய்யுங்கள்.

எழுதிய விதியைச் சோதித்துப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பலன் தந்தது இதுதான். குழுவில் சண்டை கிளப்பிய பழைய பதிவுகள் இருபதை எடுங்கள். எழுதியவர் பெயரை மறைத்துவிடுங்கள். இரண்டு அட்மின்கள் தனித்தனியாக உட்கார்ந்து, விதியை மட்டும் வைத்து, 'இருக்கலாம்', 'நீக்கலாம்' என்று குறிக்க வேண்டும். பிறகு ஒப்பிடுங்கள். நாங்கள் முதல் முறை செய்தபோது இருபதில் ஒன்பதில் எங்கள் விடை வேறுபட்டது. எங்கெல்லாம் வேறுபட்டதோ அங்கெல்லாம் விதியில் ஒரு மங்கலான சொல் இருந்தது. அந்தச் சொற்களை மாற்றிவிட்டு இரண்டாம் முறை செய்தபோது மூன்றாகக் குறைந்தது.

பெயரை மறைப்பதைத் தவிர்க்காதீர்கள். எனக்குப் பிடித்த ஒரு தோழியின் கமெண்டை, அவர் எழுதியது என்று தெரியாமல் 'நீக்கலாம்' என்று குறித்திருந்தேன். குழுவில் அது வந்த அன்று அதை விட்டுவைத்தவளும் நான்தான்.

நீக்கும்போது என்ன செய்ய வேண்டும்

சின்ன நடவடிக்கையிலிருந்து தொடங்குங்கள். திருத்தச் சொல்வது, கமெண்டுகளை மூடுவது, நீக்குவது, சில நாள் எழுத முடியாமல் செய்வது, கடைசியாகத் தடை. நேரடி ஆபத்து இருந்தால் மட்டும் நடுவில் உள்ளதைத் தாண்டலாம்.

நீக்கிய உடனே எழுதியவருக்குச் செய்தி போக வேண்டும். எந்த வாக்கியம், எந்த விதி, திருத்தினால் மறுபடி போடலாமா, யாரிடம் முறையிடலாம் என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கத்துக்கான காரணத்தைப் பயனருக்கு எழுதித் தரும்படி தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நம் சின்னக் குழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் காரணத்தை எழுத உட்காரும்போது, எழுத முடியவில்லை என்று கண்டுபிடித்து நீக்கத்தைத் திரும்பப் பெற்ற நாட்கள் எனக்கு உண்டு. முறையீட்டை, நீக்கியவரே பார்க்கக் கூடாது. நாங்கள் நான்கு அட்மின்கள். நீக்கியவரைத் தவிர மற்ற மூவரில் இருவர் சொல்வதே முடிவு.

அட்மின்களை விமர்சிக்கும் பதிவுக்குத் தனி விதி வைத்திருக்கிறோம்: அதை எந்த அட்மினும் தொடக் கூடாது. இதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாம் ஆண்டில் ஒருவர், நான் எனக்குத் தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று எழுதினார். பத்து நிமிடத்தில் அதை நீக்கினேன். ஒரு வாரம் கழித்து, எங்கள் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பதிவைத் திரும்பப் போட்டு, அதன் கீழேயே எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவரும் எங்கள் நால்வரில் ஒருவர்.

அந்தப் பதிவேடு வெறும் அட்டவணைதான்: தேதி, எந்த விதி, என்ன நடவடிக்கை, முறையீடு வந்ததா, முடிவு. பெயர்களை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவிலேயே போட்டுவிடுகிறோம். ஒரே விதியின் கீழ் நீக்கங்கள் குவிந்தால் விதியை மறுபடி எடுத்துப் படிக்கிறோம். விதியை மாற்றினால் அன்றிலிருந்து வரும் பதிவுகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும், பழையதைத் தோண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. இரவு பதினோரு மணிக்கு மேல் நாங்கள் யாருக்கும் நிரந்தரத் தடை போடுவதில்லை. ஆபத்தான பதிவாக இருந்தால் மறைத்து வைப்போம், அவ்வளவே. மற்றதைக் காலையில், இரண்டு பேர் படித்த பிறகு முடிவு செய்கிறோம்.